தொழிற்பேட்டைப் பள்ளியில் யூத இனப்படுகொலைப் பாடம்

தமிழ்நாட்டின் பத்தாம் வகுப்புச் சமூக அறிவியல் நூலில் இரண்டாம் உலகப்போர் தனிப் பாடமாக இடம்பெற்றிருப்பதால், ஐரோப்பிய யூதர்கள் கொல்லப்பட்ட செய்தி திருவள்ளூர் மாவட்டத்துப் பிள்ளைகளுக்குத் தெரியாததன்று. ஆயினும் ஆண்டுகளை மனப்பாடம் செய்து இரண்டு மதிப்பெண் விடையாக எழுதிவிட்டு நகரும் பழக்கத்தில், ஏறத்தாழ 60 இலட்சம் பேரின் கொலை ஹிட்லர் என்ற தனியொருவரின் வெறியாகச் சுருங்கிவிடுகிறது. கண்டிப்பான தலைமையாசிரியருக்கு அவர் பெயரையே பட்டப்பெயராகச் சூட்டிச் சிரிக்கும் நாட்டில், இந்தச் சுருக்கம் அவரை ஒருவகை வீரராகவும் ஆக்கிவிடும்.

அம்மாவட்டத்தின் கும்மிடிப்பூண்டியைப் போன்ற ஊரில் இப்பாடத்தை வேறு வழியில் தொடங்கலாம். பெற்றோர் சிப்காட் தொழிற்பேட்டையில் ஷிப்ட் முறையில் வேலை பார்க்க, டெண்டர், ஃபிட்டர், ஒப்பந்தத் தொழிலாளர் என்ற சொற்களை வீட்டிலேயே கேட்டு வளரும் பிள்ளைகளுக்கு, அந்தப் படுகொலை ஆலைகளின் துணையின்றி அத்தனை பெரிய அளவில் நடந்திருக்க முடியாது என்பதை விளக்குவது கடினமன்று.

ஜெர்மனியின் எர்ஃபுர்ட் நகரில் 1878இல் தொடங்கப்பட்ட டோப்ஃப் நிறுவனம் மதுபான ஆலைகளுக்கான கருவிகளைச் செய்து பெயர் பெற்றது. பின்னாளில் அதுவே புகென்வால்ட், ஆஷ்விட்ஸ் முதலிய வதைமுகாம்களுக்குப் பிணம் எரிக்கும் உலைகளையும், ஆஷ்விட்ஸ்-பிர்கெனாவின் நச்சுவாயு அறைகளுக்குக் காற்றோட்டக் கருவிகளையும் செய்து கொடுத்தது. அதன் வரைவாளர்கள் அமர்ந்திருந்த அறையின் சன்னல் வழியே புகென்வால்ட் முகாம் இருந்த குன்று தெரியும். ஃபிட்டர்கள் முகாமுக்கே சென்று தங்கி அக்கருவிகளைப் பொருத்தினர். ஃபிரிட்ஸ் ஸாண்டர் என்ற பொறியாளரோ, இடைவிடாது இயங்கும் பேருலை ஒன்றை வடிவமைத்து 1942இல் காப்புரிமைக்கே விண்ணப்பித்தார். நிறுவனத்தின் மொத்த வணிகத்தில் இவ்வேலையின் பங்கு மிகச் சிறியது. மறுத்தால் தண்டனை என்று அரசு மிரட்டியதற்கும் சான்றில்லை. கொடுத்த வேலையைத் திறம்பட முடித்துக் கொடுத்தார்கள் என்பதே அவர்கள் மீதான குற்றச்சாட்டு. அந்த ஆலையின் அலுவலகக் கட்டடம் 2011 முதல் நினைவுக்கூடமாக இயங்கி வருகிறது.

ஐ.ஜி. ஃபார்பன் என்ற வேதியியல் பெருநிறுவனம் செயற்கை ரப்பர் ஆலையை ஆஷ்விட்சுக்கு அருகில் மோனோவிட்சில் கட்டியபோது, கைதிகளின் உழைப்புக்காக நாள் ஒன்றுக்குத் தலைக்கு 3 அல்லது 4 மார்க் கொடுத்தது. அந்தக் கூலி கைதிகளுக்கன்று, முகாம்களை நடத்திய எஸ்.எஸ். படைக்குச் சென்றது. ஒப்பந்தத் தொழிலாளரின் கூலியில் பிடித்தம் செய்யப்படுவதைக் கண்டிருக்கும் மாணவர் இரண்டையும் ஒன்றெனக் கருத இடமுண்டு. எனவே இந்த இடத்தில் ஆசிரியர் வேறுபாட்டை அழுத்தமாகச் சொல்ல வேண்டும். மோனோவிட்சில் உழைக்க வலுவிழந்தவர்கள் நச்சுவாயு அறைக்கு அனுப்பப்பட்டனர். அங்கே பயன்பட்ட சைக்லான்-பி, கப்பல்களிலும் கிடங்குகளிலும் பூச்சிகளைக் கொல்வதற்காக விற்கப்பட்ட மருந்துதான். நெடியால் ஆபத்தை உணர்த்துவதற்காக அதில் சேர்க்கப்பட்டிருந்த பொருளை நீக்கிவிட்டு முகாம்களுக்கு வழங்கினர்.

ஆலைகளுக்கு முன்பே சட்டம் தன் வேலையைத் தொடங்கியிருந்தது. 1935ஆம் ஆண்டின் நியூரம்பெர்க் சட்டங்கள் யூதர்களின் குடியுரிமையைப் பறித்தன. 1938 ஜூலையில் எவியான் மாநாட்டில் கூடிய 32 நாடுகளுள் பெரும்பாலானவை அனுதாபம் தெரிவித்தனவேயன்றிக் கதவைத் திறக்கவில்லை. இந்தப் பகுதி கும்மிடிப்பூண்டி வகுப்பறைகளில் பிற ஊர்களைவிட நெருக்கமாகக் கேட்கும். ஏனெனில் அங்குள்ள இலங்கைத் தமிழர் முகாமின் பிள்ளைகளும் அவ்வூரிலேயே படித்து வளர்கிறார்கள். ஈழத்துத் துயரை யூதர் துயரோடு தராசில் வைப்பதும், ஒப்பிடவே கூடாதென வாயடைப்பதும் ஒருசேரத் தவறு. முகாம் மாணவரை எழுப்பிக் குடும்பக் கதையைச் சாட்சியாகச் சொல்லச் சொல்வது அதனினும் தவறு. மாணவர்களைக் கைதியாகவும் காவலராகவும் நடிக்க வைக்கும் பயிற்சிகளை வாஷிங்டனில் உள்ள யூதப் படுகொலை நினைவு அருங்காட்சியகமும் ஏற்பதில்லை.

சட்ட வரலாற்றைச் சொல்வதில் அத்தகைய தயக்கம் தேவையில்லை. நாட்டை இழந்தவரை ஆபத்துள்ள இடத்துக்குத் திருப்பி அனுப்பலாகாது என்ற நெறியை வகுத்த 1951ஆம் ஆண்டு அகதிகள் உடன்படிக்கை, இரண்டாம் உலகப்போரின் அனுபவத்திலிருந்தே பிறந்தது. இந்தியா அதில் இன்றுவரை கையெழுத்திடவில்லை. 2021இல் தமிழ்நாட்டு அரசு ‘அகதிகள் முகாம்’ என்ற பெயரை ‘இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்’ என மாற்றியது; குடியுரிமை வழங்கும் அதிகாரமோ ஒன்றிய அரசிடம் இருக்கிறது.