சிறுபாலமும் கடல்நீர்க் கணக்கும்

கடற்கரையை ஒட்டிச் செல்லும் சாலையில் பயணம் செய்வோர் அதன் அடியிலுள்ள சிறுபாலங்களைக் கவனிப்பதில்லை. பொறியாளர்கள் கல்வெர்ட் என்றும் ஊரார் மதகு என்றும் வழங்கும் இவை, சாலைக்கு ஒரு புறத்திலிருந்து மறு புறத்திற்கு நீரைக் கடத்தும் குழாய்களும் பெட்டி வழிகளுமே ஆகும். ஓர் ஆள் குனிந்து நுழையும் அளவே உள்ள இவ்வழிகள், புயலுக்குப் பின் வயலில் கடல்நீர் எத்தனை நாள் நிற்கும் என்பதை முடிவு செய்கின்றன.

2009ஆம் ஆண்டு மே 25ஆம் நாள் ஐலா புயல் மேற்கு வங்காளக் கரையைத் தாக்கிற்று. அம்மாநிலத்துச் சுந்தரவனத் தீவுகளிற் பல, உயர் ஓத மட்டத்திற்கும் தாழ்ந்த நிலங்கள். மண் கரைகளே அவற்றைக் காத்து நிற்கின்றன. உள்ளே பெய்த மழைநீர், தாழ் ஓதத்தின்போது கரையின் அடியிலுள்ள மதகுகள் வழியே வெளியேறும். ஐலாவில் கரைகள் பல இடங்களில் உடைந்தன. உவர்நீர் வயல்களிற் புகுந்தது. புகுந்த நீர் விரைவில் வடியாவிடில் உப்பு மண்ணில் ஊறிவிடும். பல வயல்களில் அடுத்து வந்த பருவங்களிலும் நெல் விளையாமற் போயிற்று. ஆகவே, நீர் எங்கே ஏறும் என்பதைப் போலவே, எவ்வழியே எப்பொழுது வடியும் என்பதும் முன்னரே அறியப்பட வேண்டிய செய்தியாகும்.

கண்ணியில் அகப்படாத வழி

இன்று கடலோர நீரோட்டத்தைக் கணிப்பொறியில் கணக்கிடும் மென்பொருள்கள் பல உள்ளன. அவை நிலத்தையும் கடலையும் ஒரு வலையாகப் பிரித்து, ஒவ்வொரு கண்ணியிலும் நீர்மட்டத்தையும் ஓட்டத்தையும் கணந்தோறும் கணிக்கின்றன. கண்ணியின் அகலம் 100 மீட்டர் என்றும், சிறுபாலத்தின் அகலம் 1.5 மீட்டர் என்றும் கொள்வோம். அவ்வலையில் பாலம் புலப்படாது. சாலை மட்டும் உடையாத சுவராகத் தோன்றும். சாலைக்குப் பின்னுள்ள ஊர் வெள்ளத்தில் நனையாது என்றோ, நனைந்த நீர் ஒருபோதும் வடியாது என்றோ கணிப்பொறி கூறிவிடும். இரண்டும் பிழையே.

கண்ணியை 1 மீட்டராகக் குறுக்கினால் என்ன என்று வினவலாம். அவ்வாறு செய்தால் கண்ணிகளின் எண்ணிக்கை 10,000 மடங்காகும். பல கணக்கு முறைகளில், ஓர் அலை ஒரு கண்ணியைக் கடக்கும் நேரத்திற்கு மிகாமல் காலப்படியும் அமைய வேண்டும். எனவே அப்படிகளும் 100 மடங்காகப் பெருகும். மொத்த வேலை 10 லட்சம் மடங்கு! மேலும், இம்மென்பொருள்கள் மேற்பரப்பு திறந்துள்ள நீருக்கே உரியவை. கூரை தட்டும்படி நிரம்பி, அழுத்தத்தோடு ஓடும் குழாயை அவை அறியா.

எடுத்த நீரைக் கொடுத்தல்

இவ்விடர்ப்பாட்டிற்கு எளிய வழி ஒன்று கண்டுள்ளனர். சாலையின் இரு புறமும் பாலத்தின் வாய்களுக்கு நேராக இரண்டு புள்ளிகளைக் குறித்துக்கொள்கின்றனர். ஒவ்வொரு கணமும் இரு புள்ளிகளின் நீர்மட்டங்களையும் ஒப்பிட்டு, பாலத்தின் வழியே செல்லும் நீரைத் தனிச் சூத்திரத்தால் கணித்து, உயர்ந்த பக்கத்தில் அவ்வளவு நீரைக் கழித்துத் தாழ்ந்த பக்கத்தில் கூட்டிவிடுகின்றனர்.

ஓர் எடுத்துக்காட்டு காண்போம். 1.5 மீட்டர் அகலமும் 1 மீட்டர் உயரமும் உள்ள பெட்டிப் பாலம் முழுதும் மூழ்கியுள்ளது. இரு புற நீர்மட்ட வேறுபாடு அரை மீட்டர். தடையின்றி ஓடினால் நீரின் வேகம் நொடிக்கு 3.1 மீட்டராகும். வாயிற் சுருக்கத்திற்கும் சுவரின் சொரசொரப்பிற்கும் 0.6 என்னும் குணகத்தைக் கொண்டால், நொடிக்கு ஏறத்தாழ 2.8 கன மீட்டர் செல்லும். 40 ஹெக்டேர் வயலில் அரை மீட்டர் நிற்கும் நீர் 2 லட்சம் கன மீட்டர். அது வடிய 20 மணி நேரம் வேண்டும். உண்மையில் நாட்கள் பல ஆகும். ஏனெனில், ஓதம் தாழ்ந்திருக்கும் நேரத்தில் மட்டுமே நீர் வெளியேறும், மட்ட வேறுபாடும் குறைந்துகொண்டே வரும். பாலம் பாதி மண்மூடிக் கிடந்தால் இக்காலம் இருமடங்கிற்குக் குறையாது.

ஆறு வகை ஓட்டம்

ஒரே சூத்திரம் எப்பொழுதும் பொருந்துவதில்லை. வாய் மூழ்கியுள்ளதா, வெளிவாய் மூழ்கியுள்ளதா, குழாய் நிரம்பியுள்ளதா என்பதைப் பொறுத்து ஓட்டம் வேறுபடும். அமெரிக்க நிலவியல் அளவைத் துறையினர் 1968இல் வெளியிட்ட நூலில் போடைன் என்பார் இவற்றை ஆறு வகைகளாகப் பிரித்துக் காட்டினார். ஆற்று வெள்ளத்தை அளக்கவே அப்பாகுபாடு எழுந்தது. இன்று டெலிமேக் போன்ற கடலோர மென்பொருள்களிலும் அதுவே அடிப்படையாயுள்ளது. ஓதம் ஏறி இறங்கும் இடத்தில் ஒரே பாலம் ஒரு நாளில் பன்முறை வகை மாறும்; திசையும் மாறும். ஒருவழிக் கதவு பொருத்திய மதகாயின், நீர் வெளியே மட்டும் செல்லும் என்பதையும் மென்பொருளுக்குச் சொல்ல வேண்டும்.

இம்முறையை ஆராயப் பெல்ஜியம் நாட்டின் ஷெல்ட் ஆறு நல்ல களமாயிற்று. 1976ஆம் ஆண்டு வெள்ளத்திற்குப் பின், 1977இல் அங்கே சிக்மா திட்டம் வகுக்கப்பட்டது. அதன்கீழ் 2006இல் லிப்பன்புருக் என்னுமிடத்தில் ஒரு சோதனை தொடங்கிற்று. நீர் புகும் வழியை உயரத்திலும், வெளியேறும் வழியைத் தாழ்விலும் அமைத்தனர். ஆற்றின் ஓதத்தில் சிறு பங்கே உள்ளே புகுந்து, பின்னர் முற்றும் வடிந்தது. வழிகளின் உயரமே அங்குள்ள சதுப்பு நிலத்தின் வாழ்வை வகுத்தது. அத்திட்டத்தைச் சேர்ந்த பெர்கன்மேர்சன் என்னுமிடத்தில் அளந்த ஓட்டங்களோடு டெலிமேக் கணக்கை ஒப்பிட்டு, சூத்திரங்களைத் திருத்தினர்.

களப்பணியாளர் கடன்

கணிப்பொறி எவ்வளவு விரைவானதாயினும், பாலத்தை அது நேரிற் கண்டதில்லை. களத்தில் அளந்து தந்ததையே அது நம்புகிறது. ஆகவே ஒவ்வொரு பாலத்திலும் பின்வருவனவற்றைக் குறித்தல் வேண்டும்: கண்களின் எண்ணிக்கை, அகலம், உயரம், நீளம், இரு வாய்களின் அடிமட்டம், வாயின் வடிவம், கதவு உண்டா, அது இயங்குகிறதா என்பது, மண்ணும் செடியும் அடைத்துள்ள அளவு. மூல வரைபடத்தில் உள்ள அளவை அப்படியே எழுதுதல் தகாது. இன்று திறந்துள்ள அளவையே எழுத வேண்டும்.

மற்றொரு பிழையையும் எச்சரிக்கையோடு தவிர்க்க வேண்டும். நில அளவைகள் சராசரிக் கடல்மட்டத்திலிருந்து கணக்கிடப்படுகின்றன; கடற்படங்களின் ஆழங்களோ தாழ் ஓதத்தை ஒட்டிய வேறொரு மட்டத்திலிருந்து அளக்கப்படுகின்றன. ஓதம் மிகுந்த காம்பே வளைகுடாவில் இவ்விரண்டிற்கும் வேறுபாடு பல மீட்டராகும். எந்த மட்டம் என்று குறிக்காமல் எழுதிய அடிமட்டத்தால் பயன் இல்லை. கணக்கில் அப்பாலம் வானில் தொங்கலாம், மண்ணிலும் புதையலாம்.

ஆசிரியர்கள் இதன் அடிப்படையை வகுப்பிலேயே காட்டலாம். நேரான சுவருடைய தகர டப்பா ஒன்றின் அடிப்பக்கத்தில் சிறு துளையிட்டு, 5 சென்டிமீட்டர் உயரத்திற்கு நீர் ஊற்றி, வடியும் நேரத்தைக் குறிக்கச் செய்க. பின் 20 சென்டிமீட்டர் ஊற்றுக. நீர் நான்கு மடங்காயினும் நேரம் இருமடங்கே ஆகும். மட்டம் உயர உயர வேகமும் மிகுவதே காரணம். அடுத்துத் துளையில் பாதியைக் களிமண்ணால் அடைத்து மீண்டும் அளக்கச் செய்க. நேரம் நீண்டு போவதைக் கண்ட மாணவர், தம் ஊர்ச் சாலையின் கீழுள்ள மதகில் மண் சேர்வதை இனி அலட்சியமாகக் கடந்து செல்லமாட்டார். அடுத்த மழைக்கு முன் அதனைச் சென்று பார்த்து, அளந்து, ஊராருக்கு அறிவிப்பாராயின், வயலில் நிற்கும் உவர்நீரைச் சில நாட்களேனும் குறைக்க அது உதவும்.