முதியோர் இல்லத்தில் நுரையீரல் தொற்று ஆய்வு: உங்கள் பெற்றோரைச் சேர்க்கக் கேட்டால்

சீயமங்கலம், செஞ்சி சுற்றுவட்டாரத்தைச் சேர்ந்த உங்கள் தாயோ தந்தையோ முதியோர் இல்லம் ஒன்றில் தங்கியிருக்கலாம். நுரையீரல் தொற்று குறித்த மருத்துவ ஆய்வில் அவரைச் சேர்க்க உங்கள் கையொப்பம் கேட்கப்பட்டால், அதற்கு முன் நீங்கள் அறிய வேண்டியவை இவை.

கீழ்ச் சுவாசத் தொற்று என்றால் என்ன?

மூச்சுக்குழாயின் கீழ்க்கிளைகளையும் நுரையீரலையும் தாக்கும் தொற்று இது. நிமோனியா இவ்வகையைச் சேர்ந்தது. முதியோரிடம் காய்ச்சலோ இருமலோ தெளிவாகத் தோன்றாமல் போகலாம். திடீர் மனக்குழப்பம், உணவை மறுத்தல், வழக்கத்துக்கு மாறான சோர்வு ஆகியவையே முதல் அறிகுறிகளாக அமையலாம். எனவே, காய்ச்சல் உள்ளவர்களை மட்டும் ஆய்வுக்குத் தேர்ந்தெடுத்தால் நோயுற்ற பலர் விடுபட்டுப் போவர்.

யாரைத் தேர்ந்தெடுக்க வேண்டும்?

யாரைச் சேர்ப்பது, யாரை விலக்குவது என்னும் விதிகள் ஆய்வு தொடங்கும் முன்பே எழுதப்பட்டு, நெறிமுறைக் குழுவின் ஒப்புதலைப் பெற்றிருக்க வேண்டும். இல்லப் பொறுப்பாளர் தம் விருப்பப்படி சிலரைச் சுட்டிக்காட்டுவது தேர்வு ஆகாது.

நடமாடக்கூடிய, நன்கு பேசக்கூடிய முதியோரை மட்டும் சேர்ப்பதும் தவறு. அமெரிக்காவின் மிசௌரி மாநிலத்தில் 36 முதியோர் பராமரிப்பு இல்லங்களில் நடைபெற்ற ஆய்வு ஒன்று 2001-இல் வெளியானது. அதில் 1,044 பேருக்கு ஏற்பட்ட 1,406 தொற்று நிகழ்வுகள் ஆராயப்பட்டன. ஏறத்தாழ 15 விழுக்காடு நிகழ்வுகளில் நோயாளி 30 நாள்களுக்குள் இறந்தார். உடல் மெலிவும், அன்றாடத் தேவைகளுக்குப் பிறரைச் சார்ந்திருத்தலும் இறப்பு அபாயத்தை முன்கூட்டிக் காட்டும் கூறுகளுள் அடங்கின. படுத்த படுக்கையாக இருப்போரை விலக்கியிருந்தால் இந்த உண்மை வெளிப்பட்டிருக்காது.

ஒப்புதல் யாருடையது?

முடிவு முதியவருடையது. அவர் புரிந்துகொள்ளும் நிலையில் இருந்தால், உங்கள் கையொப்பம் அவருடைய ஒப்புதலுக்கு மாற்றாகாது. எழுதப் படிக்கத் தெரியாதவருக்கு, ஆய்வுடன் தொடர்பில்லாத ஒரு சாட்சியின் முன்னிலையில் விவரங்களைப் படித்துக் காட்டி, கைரேகை பெற வேண்டும். மறதிநோய் முதலியவற்றால் முடிவெடுக்க இயலாதவருக்காகச் சட்டப்படி ஏற்கத்தக்க பிரதிநிதி ஒப்புதல் அளிக்கலாம். அப்போதும் முதியவர் மறுப்பைக் காட்டினால் அதற்கு மதிப்பளிக்க வேண்டும்.

இல்லங்களில் வாழ்வோர் பராமரிப்பாளரைச் சார்ந்திருப்பதால், மறுக்கத் தயங்கக்கூடும். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017-ஆம் ஆண்டு நெறிமுறைகள் இத்தகையோருக்குக் கூடுதல் பாதுகாப்பை வலியுறுத்துகின்றன. மறுத்தாலும், இடையில் விலகினாலும், அவருக்குரிய உணவு, தங்குமிடம், சிகிச்சை எதுவும் குறையக் கூடாது.

நீங்கள் கேட்க வேண்டியவை

• என்னென்ன பரிசோதனைகள் செய்யப்படும்? செலவை யார் ஏற்பார்?
• பாதிப்பு ஏற்பட்டால் சிகிச்சையும் இழப்பீடும் உண்டா?
• தகவல் தாளின் படி, தமிழில், எங்களுக்குத் தரப்படுமா?
• ஐயம் எழுந்தால் நெறிமுறைக் குழுவை எவ்வாறு அணுகுவது?

தெளிவான விடை கிடைக்கும்வரை கையொப்பமிட வேண்டாம். வீட்டில் கலந்து பேச நேரம் கேட்பது உங்கள் உரிமை.

உடனே செயல்பட வேண்டிய தருணம்

முதியவர் ஆய்வில் இருந்தாலும் இல்லாவிட்டாலும், மூச்சு நிமிடத்துக்கு 25 முறை அல்லது அதற்கு மேல் இருந்தாலோ, உதடு நீலம் பாய்ந்தாலோ, திடீரெனக் குழப்பம் ஏற்பட்டாலோ காத்திருக்க வேண்டாம். 108 அவசர ஊர்தியை அழைத்து, அருகிலுள்ள அரசு மருத்துவமனைக்கு உடனே அழைத்துச் செல்லுங்கள்.