கன்னத்தின் உள்தோலில் ஒரு புதுப் பாதை

சைக்கிள் பெடலில் கால் வழுக்கி, நடுக்கம்பியின் மேல் தொப்பென்று உட்கார்ந்துவிடுகிறான் ஒரு பையன். வெளியே சிராய்ப்புகூட இல்லை. சற்று நேரத்தில் ஜட்டியில் ரத்தத் துளி. சிறுநீர் முட்டுகிறது, ஆனால் இறங்கவில்லை. சிறுநீர்ப்பையிலிருந்து வெளியே வரும் குழாயான சிறுநீர்ப் புறவழியில் அடிபட்டதன் அடையாளம் இது.

பெண்களுக்கு இந்தக் குழாய் 4 செ.மீ. அளவே; உள்ளே பத்திரமாக இருக்கிறது. ஆண்களுக்குச் சுமார் 20 செ.மீ. நீண்டு வளைந்து வருவதால் அடிபடுவதும் பெரும்பாலும் அவர்களுக்குத்தான். கம்பியில் விழும்போது, விதைப்பைக்குப் பின்னால் உள்ள பகுதி கம்பிக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவே நசுங்குகிறது. சாலை விபத்தில் இடுப்பெலும்பு முறிந்தால், இன்னும் ஆழத்தில், புராஸ்டேட்டுக்குச் சற்றுக் கீழே கிழிகிறது.

அந்த நேரத்தில் முக்கிச் சிறுநீர் கழிக்க முயலக் கூடாது. கிழிசல் வழியே கசிந்து சதைக்குள் பரவும். அவசரப்பட்டு யூரின் டியூப் செருகுவதும் ஆபத்து. பாதி கிழிந்தது முழுதாக அறுந்துபோகலாம். முதலில் சாய மருந்து செலுத்தி எக்ஸ்ரே எடுத்துப் பார்ப்பார்கள். குழாய் அறுந்திருந்தால், பெரும்பாலும் அடிவயிறு வழியாக நேரே சிறுநீர்ப்பைக்கு டியூப் போட்டு வடியவிடுவார்கள்.

காயம் ஆறுவதே இங்கே சிக்கலாகிறது. முழங்காலில் விழும் தழும்பு யாருக்கும் தொல்லை தராது. குழாயைச் சுற்றி விழும் தழும்போ சுருங்கச் சுருங்கப் பாதையை நெரிக்கும். மாதங்கள், சில சமயம் ஆண்டுகள் கழித்துச் சிறுநீர் நூலாக மெலிகிறது. சுருங்கிய துவாரத்தை நெய் தடவிய குழாய்களால் மெல்ல விரிக்கும் முறை சுஸ்ருத சம்ஹிதையிலேயே இருக்கிறது. இன்றும் விரிக்கிறார்கள், உள்ளே கீறியும் விடுகிறார்கள். ஆனால் ஒவ்வொரு கீறலும் இன்னொரு தழும்பு. அடைப்பு திரும்பத் திரும்ப வரும்.

நிலையான தீர்வு அறுவை சிகிச்சை. சுருக்கம் சிறிதென்றால் தழும்பை வெட்டியெடுத்து முனைகளை இணைப்பார்கள். இடுப்பெலும்பு முறிந்தவர்களுக்கு, வழக்கமாக 3 மாதம் காத்திருந்து இதைச் செய்வார்கள். சுருக்கம் நீளமானால் கன்னத்தின் உள்தோலை வெட்டியெடுத்து அந்த இடத்தில் ஒட்டுவது கைகொடுக்கிறது. 1894இல் கீவ் நகர அறுவை மருத்துவர் கிரில் சபெஷ்கோ இதைச் செய்து எழுதினார். 1990களில்தான் உலகெங்கும் பரவியது.

ஏன் கன்னம்? அந்தத் தோலில் முடி இல்லை. எப்போதும் ஈரத்திலேயே வாழ்ந்து, கிருமிகளோடு பழகியது. மேற்பரப்பு தடிமன், அடிப்புறம் நுண்ணிய ரத்தக்குழாய்கள் நிறைந்த மெல்லிய படலம். வெட்டி ஒட்டியதும் முதல் 2 நாள் அடியிலுள்ள திசுவின் நீரை உறிஞ்சியே உயிர் பிழைக்கிறது. பிறகு இரு பக்கத்து ரத்தக்குழாய்களும் தேடிப்பிடித்து இணைகின்றன. உணவை மென்ற இடத்துத் தோல் சிறுநீர்ப் பாதையின் சுவராகிவிடுகிறது! வாய்க்காயமும் சில வாரங்களில் ஆறிவிடும். புகையிலையும் பான்பராக்கும் மென்று கன்னம் இறுகியவர்களுக்குத்தான் இந்தத் தோல் உதவாமல் போகிறது.

அறுவைக்குப் பின் ஏறக்குறைய 3 வாரம் டியூப் இருக்கும். அதன்பிறகும் சில ஆண்டுகள் சிறுநீரின் வேகத்தை அளந்துபார்க்க வேண்டும். கருவியில் ஒருமுறை சிறுநீர் கழித்தால் போதும், வலியே இல்லாத பரிசோதனை. ஆனால் வேகம் குறைந்ததை வெட்கப்பட்டு மறைப்பவர்கள் பலர். தேங்கும் சிறுநீர் முதலில் சிறுநீர்ப்பையையும் நாளடைவில் சிறுநீரகத்தையும் கெடுக்கும். என்றோ விழுந்த அடியையும் சேர்த்து மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். சரிசெய்ய வழி இருக்கிறது.