கணிப்பொறியின் அண்மை நினைவு

பிற மாநிலங்களில் வாழும் தமிழர்களுள் தமக்கென்று தனிக் கணிப்பொறி இல்லாதார் பலர். பெங்களூரிலோ மும்பையிலோ ஓர் அறையில் மூவர் நால்வராகத் தங்கியிருப்போர் ஒரே மடிக்கணினியை மாறி மாறிப் பயன்படுத்துகின்றனர். வேறு சிலர் அலுவலகம் கொடுத்த கணிப்பொறியிலேயே தம் சொந்தக் கடிதங்களையும் எழுதிக்கொள்கின்றனர். வாடகை ஒப்பந்தம், ஆதார் நகல், ஊருக்குச் செல்ல எடுத்த ரயில் சீட்டு ஆகியவற்றை அச்சிட வேண்டுமானால் தெருமுனையில் உள்ள ஜெராக்ஸ் கடையை நாடுகிறோம். இவ்விடங்களில் எல்லாம், நாம் எழுந்து சென்ற பின்னரும், நாம் திறந்து பார்த்த கோப்புகளின் பெயர்கள் தங்கிவிடுகின்றன. அடுத்து வந்து அமர்பவர் தேடாமலே அவை அவர் கண்ணிற் படும். கணிப்பொறியின் இந்த நினைவை அகற்றுவது எவ்வாறு, இனி நினைவு வையாதபடி செய்வது எவ்வாறு என்பவற்றை இங்கு ஆராய்வோம்.

இந்த ஏற்பாடு தீய நோக்கத்தோடு தோன்றியது அன்று. நேற்றுப் பாதியில் விட்ட வேலையை இன்று தேடி அலையாமல் எடுத்துக்கொள்ள வேண்டும் என்பதே இதனை அமைத்தோர் கருத்து. 1995-இல் வெளிவந்த விண்டோஸ் 95-இல் ஸ்டார்ட் பொத்தானை அழுத்தினால் 'டாக்குமென்ட்ஸ்' என்ற பிரிவு ஒன்று இருக்கும். கடைசியாகத் திறந்த 15 கோப்புகளின் பெயர்கள் அதில் விரியும். 2009-இல் வந்த விண்டோஸ் 7 'ஜம்ப் லிஸ்ட்' என்பதைச் சேர்த்தது. திரையின் அடியில் உள்ள செயலியின் படத்தின்மேல் மௌஸின் வலப் பொத்தானை அழுத்தினால், அச்செயலியில் அண்மையில் திறந்தவை வரிசையாகத் தோன்றும். 2015-இல் வந்த விண்டோஸ் 10-இலோ, கோப்புகளைக் காட்டும் ஃபைல் எக்ஸ்ப்ளோரரைத் திறந்த உடனேயே இப்பட்டியல் முன்வந்து நின்றது. கேட்டால் சொல்லிக்கொண்டிருந்த கணிப்பொறி, கேளாமலே சொல்லத் தொடங்கிவிட்டது.

நாம் ஒரு கோப்பைத் திறக்கும்பொழுது நிகழ்வது யாது? கணிப்பொறி அக்கோப்பின் உள்ளடக்கத்தை இப்பட்டியலுக்கெனப் படியெடுத்து வைப்பதில்லை. அதன் பெயர், அது இருக்கும் இடம், அதன் தேதி முதலியவற்றைக் கொண்ட சிறு குறிப்பு ஒன்றை எழுதி, 'ரீசென்ட்' என்னும் ஃபோல்டரில் போட்டுவைக்கிறது. நூலகத்தில் எந்த நூல் யாருக்கு என்று கொடுக்கப்பட்டது என்று எழுதிவைக்கும் ஏட்டை இதற்கு ஒப்பிடலாம். நூல் வேறு, ஏடு வேறு. ஏட்டில் ஒரு வரியை அடித்துவிடுவதால் நூல் அழிவதில்லை. நூலைக் கிழித்தெறிந்தாலும் ஏட்டில் உள்ள வரி தானாக மறைவதில்லை. இந்த வேறுபாட்டை மனத்தில் கொண்டால் பின்வருவன எல்லாம் எளிதில் விளங்கும்.

பெயர் மட்டும் தெரிவதால் என்ன கேடு என்று கேட்கலாம். நாம் கோப்புகளுக்குப் பெயரிடும் முறையை எண்ணிப் பாருங்கள். பின்னர் எளிதில் கண்டுபிடிக்க வேண்டும் என்பதற்காக, 'ராஜினாமா கடிதம்', 'நகைக்கடன் பாக்கி', 'ரத்தப் பரிசோதனை முடிவு', 'புதிய வேலைக்கு விண்ணப்பம்' என்று உள்ளதை உள்ளபடியே பெயராக வைக்கிறோம். இவற்றுள் எதனையும் திறந்து படிக்க வேண்டியதில்லை. பெயரே முழுச் செய்தியையும் சொல்லிவிடும். அலுவலகக் கூட்டத்தில் தம் மடிக்கணினியின் திரையைச் சுவரில் காட்டிப் பேசும் ஒருவர், வேண்டிய கோப்பை எடுப்பதற்காக ஃபைல் எக்ஸ்ப்ளோரரைத் திறக்கிறார் என்று கொள்வோம். அவர் வேறொரு நிறுவனத்துக்கு அனுப்பிய விண்ணப்பத்தின் பெயரை மேலதிகாரி உட்பட அனைவரும் படித்துவிடுவர். பெயரைப் புதிராக வைத்தால் போதாதா என்பாரும் உளர். ஆறு திங்கள் கழித்து அப்புதிரைத் தாமே விடுவிக்க இயலாமல் திண்டாடுவோரும் அவர்களே.

இனி, நிறுத்தும் முறையைக் காண்போம். விண்டோஸ் 11, விண்டோஸ் 10 ஆகிய இரண்டிலும் 'செட்டிங்ஸ்' என்பதனுள் 'பர்சனலைசேஷன்' என்ற பகுதிக்கும், அதனுள் 'ஸ்டார்ட்' என்ற பகுதிக்கும் செல்ல வேண்டும். அண்மையில் திறந்தவற்றை ஸ்டார்ட்டிலும் ஜம்ப் லிஸ்டிலும் ஃபைல் எக்ஸ்ப்ளோரரிலும் காட்டலாமா என்று கேட்கும் ஒரு வரி அங்கு இருக்கும். அதன் சொற்கள் பதிப்புக்குப் பதிப்புச் சிறிது மாறும், பொருள் மாறாது. அதன் எதிரே உள்ள பொத்தானைத் தள்ளி அணைத்துவிட்டால், கணிப்பொறி இவ்விடங்களில் பட்டியல் காட்டுவதை நிறுத்திக்கொள்ளும். இவை அனைத்துக்கும் ஒரே பொத்தானாதலின், ஸ்டார்ட்டில் வேண்டாம், ஜம்ப் லிஸ்டில் மட்டும் வேண்டும் என்பார்க்கு இது மனநிறைவு தராது. இந்த அமைப்பு இன்னும் சற்று நயமாக இருந்திருக்கலாம் என்பது நம் கருத்து.

இதனோடு மயங்கத்தக்க இன்னொரு வழியும் உண்டு. ஃபைல் எக்ஸ்ப்ளோரரின் 'ஆப்ஷன்ஸ்' என்பதைத் திறந்தால், 'ஜெனரல்' பக்கத்தின் அடியில் 'பிரைவசி' என்ற பகுதி இருக்கும். அண்மைக் கோப்புகளைக் காட்டுக என்ற கட்டத்தில் உள்ள குறியை அங்கு நீக்கிவிட்டுப் பலர் நிம்மதி அடைகின்றனர். அக்குறியை நீக்குவதால் ஃபைல் எக்ஸ்ப்ளோரரின் முகப்பில் பட்டியல் தோன்றாது, அவ்வளவே. குறிப்புகள் எழுதப்படுவது நிற்பதில்லை. கதவைச் சாத்துவதற்கும் அறையைக் காலி செய்வதற்கும் உள்ள வேறுபாடு இது. ஆனால் அதே பகுதியில் 'கிளியர்' என்ற பொத்தான் ஒன்று உள்ளது. அது பயனுடையது. அதனை ஒருமுறை அழுத்தினால் அதுவரை சேர்ந்த பட்டியல் அகன்றுவிடும். பட்டியலில் நிலையாக இருக்கட்டும் என்று நாமே ஊசி குத்தி நிறுத்தியவை மட்டும் நீங்கா. அவற்றை ஒவ்வொன்றாக எடுத்துவிட வேண்டும்.

இவ்வளவு செய்த பின்னரும், வேர்டைத் திறந்தால் பழைய பெயர்கள் அப்படியே நிற்பதைக் காண்போம். காரணம், செயலிகள் பல தத்தமக்கெனத் தனி ஏடு வைத்திருக்கின்றன. விண்டோஸிடம் சொன்னது வேர்டின் காதில் விழுவதில்லை. வேர்டில் 'ஃபைல்', 'ஆப்ஷன்ஸ்', 'அட்வான்ஸ்டு' என்ற வரிசையில் சென்று, 'டிஸ்ப்ளே' என்ற தலைப்பின்கீழ் அண்மைக் கோப்புகளின் எண்ணிக்கையைக் குறிக்கும் கட்டத்தில் 0 என்று இட வேண்டும். எக்ஸெலுக்கும் பவர்பாயின்டுக்கும் தனித்தனியே இதனைச் செய்தல் வேண்டும். படம் பார்க்கும் விஎல்சி செயலியிலும் அதன் 'பிரிஃபரன்சஸ்' பகுதியில், பார்த்தவற்றை நினைவில் வைக்கும் கட்டத்தின் குறியை நீக்கிவிடலாம். மற்றொன்றும் கருதத்தக்கது. வேர்டிலோ கூகுள் டிரைவிலோ நம் கணக்கில் நுழைந்து வேலை செய்திருந்தால், அங்கு நாம் திறந்தவற்றின் பட்டியல் அக்கணக்கோடு சேர்ந்தே வரும். நண்பர் கணிப்பொறியில் நம் கணக்கை மூடாமல் வந்துவிட்டோமானால், நாம் பின்னர் நம் அறையில் திறப்பதும் அவர் திரையில் தோன்றலாம்.

லினக்ஸ் பயன்படுத்துவோருக்கு வேலை குறைவு. க்னோம் திரையமைப்பு உள்ள கணிப்பொறிகளில், செட்டிங்ஸில் 'பிரைவசி' என்ற பகுதியில் 'ஃபைல் ஹிஸ்டரி' என்பதை அணைத்துவிடலாம். பழையதைத் துடைக்கும் பொத்தானும் அங்கேயே இருக்கிறது. எனினும் லிப்ரெஆஃபீஸ் தன் பட்டியலைத் தனியே வைத்திருக்கும். மேக் கணிப்பொறியிலோ, இடப்பக்க மேல்மூலையில் உள்ள ஆப்பிள் குறியை அழுத்தி, 'ரீசென்ட் ஐட்டம்ஸ்' என்பதன் இறுதியில் உள்ள 'கிளியர் மெனு' என்பதைத் தேர்ந்தால் அப்பட்டியல் வெறுமையாகும்.

ஓர் அறையில் பலர் பயன்படுத்தும் கணிப்பொறிக்கு, மேற்கூறிய எல்லாவற்றினும் சிறந்த வழி ஒன்று உண்டு. ஒவ்வொருவருக்கும் தனிப் பெயரும் தனிக் கடவுச்சொல்லும் கொண்ட பயனர் கணக்கை அமைத்துவிடுவதே அது. நாம் மேலே சொன்ன 'ரீசென்ட்' ஃபோல்டர் ஒவ்வொரு கணக்குக்கும் வேறுவேறானது. ஒருவர் திறந்தது மற்றவர் பட்டியலில் ஏறாது. அவரவர் விருப்பப்படி நினைவை வைத்துக்கொள்ளலாம், நீக்கிக்கொள்ளலாம். எழுந்து செல்லும்பொழுது விண்டோஸ் விசையையும் 'எல்' விசையையும் சேர்த்து அழுத்தினால் திரை பூட்டிக்கொள்ளும். நண்பரிடம் நம்பிக்கை இல்லையா என்று யாரேனும் மனம் வருந்தினால், ஒரே அறையில் இருப்போரும் ஆளுக்கொரு பெட்டியும் பூட்டும் வைத்திருப்பதை எடுத்துக்காட்டலாம்.

அலுவலகக் கணிப்பொறியைப் பற்றி ஒரு சொல். அங்கு இப்பொத்தான்கள் மங்கிய நிறத்தில், அழுத்த இயலாதவாறு இருக்கக்கூடும். நிர்வாகம் அவற்றைப் பூட்டியிருக்கிறது என்பது பொருள். பூட்டாவிடினும், நாம் பட்டியலைத் துடைப்பது அருகில் அமர்ந்திருப்பவர் கண்ணுக்கு மட்டுமே மறைவு. எந்தக் கோப்பு எப்பொழுது திறக்கப்பட்டது என்பதை நிறுவனம் தன் வழியில் வேறிடத்தில் பதிவு செய்துகொள்ள இயலும். வேறு வேலைக்கான விண்ணப்பத்தை அங்கு எழுதாமல் இருப்பதே நல்லது.

ஜெராக்ஸ் கடையில் நிலைமை வேறு. கணிப்பொறி பிறருடையது, அதன் அமைப்புகளை மாற்ற நமக்கு உரிமை இல்லை. அங்கு பட்டியலைக் காட்டிலும் கோப்பே பெரிய இடர். உலாவியை 'இன்காக்னிட்டோ' முறையில் திறந்து ஆதாரைப் பதிவிறக்கினால் தடம் ஒன்றும் இராது என்று எண்ணுவோர் பலர். அம்முறை, நாம் சென்ற தளங்களின் பெயர்களை உலாவி நினைவில் கொள்ளாமல் செய்யும். பதிவிறக்கிய கோப்போ 'டவுன்லோட்ஸ்' ஃபோல்டரில் அப்படியே கிடக்கும், திறந்தால் அண்மைப் பட்டியலிலும் ஏறும். பென் டிரைவிலிருந்து திறந்த கோப்பின் பெயரும், பென் டிரைவைப் பிடுங்கிய பின்னர்க் குறிப்பில் எஞ்சும். ஆனால் கோப்பு நம்மோடு வந்துவிடும். வாட்ஸ்ஆப் வழியாகக் கடைக்காரருக்கு அனுப்பிவிட்டு, பின்னர் எல்லாருக்கும் அழியுமாறு அச்செய்தியை நீக்கினாலும், அவர் ஏற்கெனவே கணிப்பொறியில் சேமித்துக்கொண்ட படி அழிவதில்லை.

ஆகவே ஆதார் நகல் கேட்கும் இடத்தில், முழு எண் கட்டாயம் இல்லையெனின், கடைசி 4 இலக்கங்கள் மட்டும் தெரியும் 'மாஸ்க்டு ஆதார்' என்ற படிவத்தை ஆதார் ஆணையத்தின் தளத்திலிருந்து எடுத்துக் கொடுக்கலாம். அச்சிட்டு முடிந்ததும், கோப்பைத் தேர்ந்து, ஷிஃப்ட் விசையைப் பிடித்துக்கொண்டு டிலீட் விசையை அழுத்தினால், அது ரீசைக்கிள் பின்னில் தங்காமல் நீங்கும். பின்னர் நம் மின்னஞ்சல் கணக்கை மூடிவிட்டு எழ வேண்டும். கூட்டம் நிறைந்த கடையில் பின்னால் நிற்பவர் முணுமுணுக்கக்கூடும். அரை நிமிடம் பொறுத்துக்கொள்ளச் சொல்லலாம்.

நம் சொந்தக் கணிப்பொறியில் எல்லாவற்றையும் செய்து முடித்த பின்னர், உண்மையில் துடைபட்டதா என்று சோதித்துப் பார்க்க எளிய வழி உண்டு. விண்டோஸ் விசையையும் 'ஆர்' விசையையும் சேர்த்து அழுத்தினால் சிறு பெட்டி ஒன்று தோன்றும். அதில் ஆங்கிலத்தில் 'ஷெல்' என்றும், இடைவெளி விடாமல் ஒரு முக்காற்புள்ளியும், அதனை அடுத்து 'ரீசென்ட்' என்றும் தட்டச்சு செய்து என்டர் விசையைத் தட்டினால், அந்த 'ரீசென்ட்' ஃபோல்டரே கண்முன் திறக்கும். பட்டியலில் வெளிப்படாத பழைய குறிப்புகள் சில அங்கு எஞ்சியிருக்கலாம். அனைத்தையும் தேர்ந்து நீக்கிவிடலாம். அவை வெறும் குறிப்புகளாதலின், உண்மைக் கோப்புகள் தத்தம் இடத்திலேயே இருக்கும்.