கை கால் கழுவிவிட்டு உள்ளே வாருங்கள்: மன உளைச்சலைத் தணிக்கும் அன்றாடப் பழக்கங்கள்

காலை மணி நான்கு. ஜோகூர்பாருவில் ஒரு தாமான் வீட்டில் கைப்பேசி அலாரம் அடிக்கிறது. அலாரத்தை நிறுத்திய விரல் அப்படியே வாட்சாப்பைத் திறக்கிறது. மேற்பார்வையாளரின் கடுகடுப்பான செய்தி ஒன்று. குடும்பக் குழுவில் ஒரு வாக்குவாதம். மோட்டார் சைக்கிள் தவணைக்கு நினைவூட்டல். படுக்கையை விட்டு இன்னும் எழவில்லை, அதற்குள் நெஞ்சு படபடக்கிறது. இனிமேல்தான் பாலம் கடக்க வேண்டும், சுங்கச் சாவடி வரிசையில் நிற்க வேண்டும், நாள் முழுக்க வேலை செய்ய வேண்டும்.

கிள்ளானிலும் பிறையிலும் சிரம்பானிலும் இதே காட்சிதான். அலாரம் அடிக்கும் நேரம் மட்டும்தான் மாறுகிறது.

எனக்குத் தெரிந்த அண்ணன் ஒருவர் பாதுகாவலராக வேலை செய்கிறார். தினமும் 12 மணி நேர வேலை. அரசாங்க கிளினிக்கில் இரத்த அழுத்தம் பார்த்தபோது, மாத்திரை சாப்பிட்டும் குறையவில்லை. "வீட்டில் ஏதாவது கவலையா?" என்று டாக்டர் கேட்டிருக்கிறார். "ஒன்றுமில்லை டாக்டர்" என்று சொல்லிவிட்டு வெளியே வந்தவர், மோட்டார் சைக்கிளில் உட்கார்ந்து அரை மணி நேரம் அழுதாராம். எதற்காக அழுதோம் என்று அவருக்கே சொல்லத் தெரியவில்லை.

நம்மில் பலர் இப்படித்தான் இருக்கிறோம். தலைவலிக்கு மாத்திரை கேட்போம், தூக்கம் வரவில்லை என்று சொல்வோம். "மனசு சரியில்லை" என்ற மூன்றாவது வாக்கியம் மட்டும் வாயில் வராது. 2023ஆம் ஆண்டின் தேசிய சுகாதார, நோய் நிலவர ஆய்வு, மலேசியாவில் பெரியவர்களில் 4.6 விழுக்காட்டினருக்கு மனச்சோர்வு இருப்பதாகக் கண்டது. அதாவது சுமார் 10 லட்சம் பேர். 2019இல் இது 2.3 விழுக்காடாக இருந்தது. நான்கே ஆண்டில் இரண்டு மடங்கு.

உடம்புக்குள் என்ன நடக்கிறது?

மன உளைச்சல் என்பது வெறும் எண்ணம் அல்ல. அது உடம்பின் வேலை. ஆபத்து என்று மூளை நினைத்தவுடன் அட்ரினலின், கோர்ட்டிசோல் ஆகிய சுரப்பிநீர்கள் இரத்தத்தில் கலக்கின்றன. இதயம் வேகமாக அடிக்கிறது, இரத்த அழுத்தம் ஏறுகிறது, ஓடுவதற்குத் தேவையான சக்திக்காகக் கல்லீரல் சர்க்கரையை வெளியே விடுகிறது. பாம்பைக் கண்டு ஓடுகிறவருக்கு இது உயிர்காக்கும் ஏற்பாடு. ஓடி முடித்ததும் எல்லாம் தணிந்துவிடும்.

நமது சிக்கல், பாம்பு போகாமல் இருப்பதுதான். முதலாளியின் குரல், கடன்காரரின் அழைப்பு, பிள்ளையின் பள்ளிக் கட்டணம் எல்லாமே மூளைக்குப் பாம்புதான். ஓடவும் முடியாது, அடிக்கவும் முடியாது. அபாய மணி நாள் முழுக்க ஒலித்துக்கொண்டே இருக்கிறது. ஏற்கெனவே இனிப்புநீர் உள்ளவருக்குச் சர்க்கரை அளவு கட்டுக்குள் வராமல் போவதற்கும், இரத்த அழுத்தம் இறங்காமல் நிற்பதற்கும் இது ஒரு காரணம். நீரிழிவும் இரத்தக் கொதிப்பும் அதிகமுள்ள நம் சமூகத்தில், மனத்தைக் கவனிப்பது வசதியுள்ளவர்களின் பொழுதுபோக்கு அல்ல. மாத்திரையைப் போல அதுவும் தேவை.

தோட்டத்தில் இருந்த இடைவெளி

இன்று 'மைண்ட்ஃபுல்னஸ்' என்ற பெயரில் பேசப்படும் பயிற்சியை, மருத்துவமனைக்குள் கொண்டுவந்தவர்களில் முக்கியமானவர் ஜோன் கபாட்-சின். 1979இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவக் கல்லூரியில், நாட்பட்ட வலியோடு வாழ்ந்தவர்களுக்காக ஒரு பயிற்சியை அவர் தொடங்கினார். அதன் சாரம் எளியது: இந்த நேரத்தில் நடப்பதை, நல்லது கெட்டது என்று தீர்ப்புச் சொல்லாமல் கவனிப்பது.

பெயர் புதிதாக இருக்கலாம். அந்தக் கவனம் நமக்குப் புதிதல்ல. பால்மரம் வெட்டிய பாட்டியைக் கேட்டுப் பாருங்கள். பட்டையை மெல்லிய சீவலாக எடுக்க வேண்டும். கொஞ்சம் ஆழமாகப் போனால் மரத்தில் காயம், கங்காணியிடம் ஏச்சு. கைப்பேசி பார்த்துக்கொண்டு செய்யக்கூடிய வேலை அல்ல அது. ஒவ்வொரு மரத்திலும் கண்ணும் கையும் ஒரே இடத்தில் இருக்க வேண்டும்.

வெட்டி முடித்த பிறகு, பால் மங்கில் சொட்டி நிறையும்வரை காத்திருக்கவும் வேண்டும். அந்த நேரத்தில் பெண்கள் நிழலில் உட்கார்ந்து கொண்டுவந்ததைப் பகிர்ந்து சாப்பிட்டார்கள், வெற்றிலை போட்டார்கள், வீட்டுக் குறையைச் சொல்லி ஆற்றிக்கொண்டார்கள்.

தோட்ட வாழ்க்கை சுகமாக இருந்தது என்று சொல்ல வரவில்லை. குறைந்த கூலியும் லயத்து நெருக்கடியும் கள்ளுக்கடையும் சம்சுவும் எத்தனை குடும்பங்களை அழித்தன என்பது நமக்குத் தெரியும். ஆனாலும் வேலைக்குள்ளேயே ஓர் இடைவெளி இருந்தது. நகரத்துத் தொழிற்சாலையிலும் பாதுகாவலர் கூண்டிலும் விநியோக வேலையிலும் அது இல்லை. கிடைக்கும் ஐந்து நிமிடத்தையும் கைப்பேசி எடுத்துக்கொள்கிறது. ஆகவே அந்த இடைவெளியை இனி நாமேதான் உண்டாக்கிக்கொள்ள வேண்டும்.

தனி நேரம் தேவையில்லை

"தியானம் செய்ய எனக்கு எங்கே நேரம்?" என்று கேட்பது நியாயம்தான். அதனால்தான் புதிதாக நேரம் ஒதுக்காமல், ஏற்கெனவே செய்யும் வேலையோடு ஒட்டி வைப்பது நல்லது.

எழுந்தவுடன் பத்து மூச்சு. கைப்பேசியைத் தொடும் முன் படுக்கை ஓரத்தில் உட்காருங்கள். நான்கு எண்ணும் நேரம் மூச்சை இழுத்து, ஆறு எண்ணும் நேரம் மெதுவாக விடுங்கள். வெளியே விடும் மூச்சு நீளமாக இருக்க வேண்டும். காரணம் உண்டு. மூளையிலிருந்து இதயம் வரை, வயிறு வரை செல்லும் வேகஸ் நரம்பு, மூச்சை வெளியே விடும்போது இதயத் துடிப்பைச் சற்று மந்தமாக்குகிறது. 'ஆபத்து இல்லை' என்ற செய்தி உடம்பின் வழியாகவே மூளைக்குப் போகிறது. பத்து மூச்சுக்கு இரண்டு நிமிடம்கூட ஆகாது. தலை சுற்றினால் நிறுத்திவிட்டு இயல்பாக மூச்சு விடுங்கள்.

ஒரு குவளை தேநீர், ஒரே வேலை. நாளில் ஒரு தடவை மட்டும், தேநீர் குடிக்கும்போது தேநீர் மட்டும் குடியுங்கள். குவளையின் சூடு, இஞ்சியின் காரம், தொண்டையில் இறங்கும் விதம். மனம் கடனுக்கோ கோபத்துக்கோ ஓடும். ஓடட்டும். ஓடியதைக் கவனித்துத் திரும்ப அழைத்து வருவதுதான் பயிற்சி. மனம் அலைந்தால் தோல்வி என்று நினைக்க வேண்டாம். இருபது தடவை ஓடினால், இருபது தடவை அழைத்து வந்தீர்கள் என்று பொருள்.

சிவப்பு விளக்கில் தோளை இறக்குங்கள். மோட்டார் சைக்கிளில் போகும்போது கண்ணை மூடி எதுவும் செய்யக் கூடாது. சாலையில் முழுக் கவனம் வைப்பதே அங்கே பயிற்சி. விளக்கில் நிற்கும்போது மட்டும் பாருங்கள்: தோள் காதுவரை ஏறியிருக்கும், பல் கடித்திருக்கும், கைப்பிடியை நெரித்துக்கொண்டிருப்பீர்கள். மூன்றையும் தளர்த்துங்கள். விளக்கு பச்சையாகும் முன் முடிந்துவிடும்.

ஏச்சு வாங்கியவுடன் பெயர் வையுங்கள். மேற்பார்வையாளர் எல்லார் முன்னும் ஏசிவிட்டார். உடனே பதில் சொன்னால் வேலை போகும், விழுங்கிவிட்டால் இரவில் வீட்டில் வெடிக்கும். நடுவழி ஒன்று உண்டு. "இப்போது எனக்குக் கோபம். கூடவே அவமானம்" என்று மனத்துக்குள் சொல்லிக்கொள்ளுங்கள். பெயர் வைத்த உணர்ச்சியின் பிடி கொஞ்சம் தளரும். முகம் கழுவிவிட்டு வந்து, பேச வேண்டியதை நிதானமாகப் பேசலாம். நியாயத்தைக் கேட்காமல் விட்டுவிடச் சொல்லவில்லை. கோபம் கேட்பதற்குப் பதில் நீங்கள் கேளுங்கள் என்றுதான் சொல்கிறேன்.

வாசலில் கை கால் கழுவுங்கள். வெளியே போய்விட்டு வந்தால் கை கால் கழுவிவிட்டுத்தான் உள்ளே வர வேண்டும் என்று வீட்டில் பெரியவர்கள் சொல்வார்கள். அந்தப் பழக்கத்தைத் திரும்ப எடுத்துக்கொள்ளலாம். தண்ணீர் காலில் படும்போது, 'வேலை முடிந்தது, இது வீடு' என்று ஒரு தடவை நினைத்துக்கொள்ளுங்கள். பிறகு ஐந்து நிமிடம் யாரோடும் கணக்கு வழக்கு பேச வேண்டாம். வீட்டில் இருப்பவர்களும் இதற்கு ஒத்துழைக்க வேண்டும். வந்தவர் செருப்பைக் கழற்றும் முன்பே மின்கட்டணத்தைப் பற்றிக் கேட்காதீர்கள். அதேபோல், வீட்டிலேயே நாள் முழுக்க உழைத்த அம்மாவுக்கும் அந்த ஐந்து நிமிடம் கிடைக்க வேண்டும். வந்தவர் அடுப்படியை ஐந்து நிமிடம் பார்த்துக்கொண்டால் குடி முழுகிவிடாது.

தூங்கும் முன் தாளில் எழுதுங்கள். நாளைக்குச் செய்ய வேண்டியதையும் மனத்தை அரிப்பதையும் ஒரு பழைய நோட்டில் எழுதி மூடி வையுங்கள். மறந்துவிடுவோமோ என்று மூளை திரும்பத் திரும்ப எழுப்புவது குறையும். மாலைக்குப் பிறகு கோப்பி, கெட்டித் தேநீர் வேண்டாம். குடித்த காப்பீனில் பாதி, ஐந்து ஆறு மணி நேரம் கழித்தும் உடம்பில் இருக்கும். மது தூக்கத்தைத் தரும் என்பதும் பாதி உண்மைதான். சீக்கிரம் தூங்க வைக்கும், நடு இரவில் எழுப்பிவிடும். இரவு ஷிப்ட் செய்கிறவர்கள் பகலில் தூங்கும் அறையின் சன்னலைக் கெட்டித் துணியால் மறைத்து, கைப்பேசியை அடுத்த அறையில் வைக்க வேண்டும்.

ஒன்றில் தொடங்குங்கள்

இத்தனையையும் திங்கட்கிழமை தொடங்கி வியாழக்கிழமை விட்டுவிடுவது நம் வழக்கம். ஒன்றை மட்டும் எடுங்கள். லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரி ஆய்வாளர்கள் 2009இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், புதிய செயல் ஒன்று தானாக நடக்கும் பழக்கமாக மாறச் சராசரியாக 66 நாள் ஆனது. சிலருக்கு 18 நாள் போதும், சிலருக்கு 254 நாள் ஆகலாம் என்று கணக்கிட்டார்கள். இடையில் ஒரு நாள் விட்டுப்போனதால் பெரிய பாதிப்பு இல்லை என்பதும் அதில் தெரிந்தது. ஆகவே நேற்று விட்டுப்போயிருந்தால் இன்று தொடருங்கள்.

வேறொன்றும் சொல்ல வேண்டும். கண்ணை மூடி மூச்சைக் கவனித்தால் சிலருக்குப் பழைய கெட்ட நினைவுகள் பொங்கி வரும், பயம் கூடும். அப்படியானால் வற்புறுத்த வேண்டாம். கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு நடப்பது, செடிக்குத் தண்ணீர் ஊற்றுவது, கோலம் போடுவது, பாத்திரம் கழுவுவது எதுவானாலும் அதில் கவனம் வைக்கலாம்.

மூச்சு கடனை அடைக்காது

நம்மவர்களின் உளைச்சலில் பெரும் பங்கு பணம். பத்து மூச்சு விட்டால் வாடகை கட்ட முடியாது. மூச்சு தருவது, முடிவெடுக்கும் அளவு தெளிவு மட்டும்தான். அந்தத் தெளிவோடு உதவி தேட வேண்டும். பேங்க் நெகாரா 2006இல் அமைத்த ஏகேபிகே எனப்படும் கடன் ஆலோசனை, நிர்வாக நிறுவனம், இலவசமாக ஆலோசனை தருகிறது. வங்கிக் கடன், கடன் அட்டை பாக்கி ஆகியவற்றைக் கட்டக்கூடிய தவணைகளாக மாற்றியமைக்கவும் உதவுகிறது. ஆலோங்கிடம் போகும் முன் அங்கே போங்கள்.

பழக்கம் போதாது என்று எப்போது தெரிந்துகொள்வது? இரண்டு வாரத்துக்கு மேல் எதிலும் நாட்டமில்லை, தூக்கமோ பசியோ கெட்டுவிட்டது, காரணமின்றி அழுகை, இருந்து என்ன பயன் என்ற எண்ணம். இவற்றில் எது இருந்தாலும் அரசாங்க கிளினிக்குக்குச் செல்லுங்கள். மலேசியர்களுக்கு அங்கே பதிவுக் கட்டணம் ஒரு ரிங்கிட். டாக்டர் சில கேள்விகள் கேட்டு, தேவைப்பட்டால் மனநல மருத்துவரிடமோ மென்தாரி சமூக மனநல மையத்துக்கோ அனுப்புவார். தொலைபேசியில் பேச விரும்பினால் சுகாதார அமைச்சின் ஹீல் சேவை எண் 15555. கோலாலம்பூர் பிஃப்ரெண்டர்ஸ் 24 மணி நேரமும் 03-76272929 எண்ணில் கேட்கத் தயாராக இருக்கிறது. சிங்கப்பூரில் இருப்பவர்கள் 1771 எண்ணை அழைக்கலாம்.

போலீஸ் கேஸ் ஆகுமோ என்று பயப்படவும் தேவையில்லை. தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய சட்டப்பிரிவை மலேசியா 2023இல் நீக்கிவிட்டது. சிங்கப்பூரில் 2020 முதலே அது குற்றமில்லை. உதவி கேட்பவர் இன்று குற்றவாளி அல்ல, நோயாளி.

அந்தப் பாதுகாவலர் அண்ணன் அடுத்த மாதம் கிளினிக்குக்குப் போனபோது, டாக்டர் கேட்காமலேயே சொல்லிவிட்டாராம், "டாக்டர், தூக்கமே வரவில்லை, மனசு சரியில்லை" என்று. மாத்திரை தொடர்கிறது. கடன் இன்னும் இருக்கிறது, தவணை மட்டும் குறைந்திருக்கிறது. இப்போது வேலை முடிந்து வந்ததும் குழாயடியில் கால் கழுவிவிட்டு, வாசல் படியில் ஐந்து நிமிடம் உட்காருகிறார். முதலில் "அப்பாவுக்கு என்ன ஆச்சு?" என்று பயந்த சின்ன மகள், இப்போது அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொள்கிறாள். இருவரும் ஒன்றும் பேசுவதில்லை.

இன்று மாலை வீட்டுக்குப் போனதும், நீங்களும் முதலில் கை கால் கழுவுங்கள்.