பெட்டிக்குள் ஒரு பூங்காவனம்

அணுகுண்டுப் போரினால் உலகம் சாம்பலாகிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். நிலவறைகளில் ஒளிந்து உயிர்தப்பிய சிலர் பல ஆண்டுகள் கழித்துக் கதவைத் திறந்து வெளியே வருகின்றனர். மண் நஞ்சேறிக் கிடக்கிறது. வீடில்லை, விதையில்லை, விளக்கில்லை. அவர்கள் கையில் ஒரேயொரு பெட்டிதான் இருக்கிறதென்றால், அதற்குள் எவை எவை இருத்தல் வேண்டும்?

1997ஆம் ஆண்டில் அமெரிக்காவில் வெளிவந்த ‘ஃபோல்அவுட்’ என்னும் கணினி விளையாட்டும், 1998இல் வந்த அதன் இரண்டாம் பாகமும் இவ்வினாவுக்குக் கற்பனையால் விடை கூறின. 2077இல் மூண்ட போரினால் பாழான கலிபோர்னியாவும் அதன் அயலுமே கதைக்களம். பெட்டியின் பெயர் ‘ஏதேன் தோட்டம் படைக்கும் கருவித்தொகுதி’. ஆட்டக்காரர் அதனைச் சுருக்கமாகக் ‘கெக்’ என்பர். விதைகள், மண்ணை வளப்படுத்தும் உரங்கள், மின்சாரம் பிறப்பிக்கும் பொறி, பழைய உலகின் அறிவைப் பதித்த தட்டுக்கள் ஆகியவை அதில் அடங்கியிருந்தனவாம்.

இப்பெட்டியை வைத்துக் கதாசிரியர் செய்த வேடிக்கையொன்று நம்மை மிகவும் கவர்ந்தது. நீர் சுத்திகரிக்கும் உபரிச் சில்லுகள் 13ஆம் நிலவறைக்குச் சேரவேண்டியவை. தவறுதலாக 8ஆம் நிலவறைக்குப் போய்விட்டன. அங்கே செல்லவேண்டிய இரண்டாவது பெட்டி 13ஆம் நிலவறைக்கு வந்துவிட்டது. எந்தக் கந்தோரிலும் நடக்கக்கூடிய பிழைதான்! ஆயின் 2161இல் 13ஆம் நிலவறையின் சில்லு பழுதாகியபோது மாற்றுச் சில்லு இல்லை. அதைத் தேடி வெளியே அனுப்பப்பட்ட வீரன் சில்லுடன் மீண்டு மக்களைக் காப்பாற்றினான். இறுதியில் அவனுக்குக் கிடைத்த பரிசோ நாடுகடத்தல். அவன் வடக்கே சென்று அரோயோ என்னும் சிற்றூரை அமைத்தான்.

8ஆம் நிலவறையார் தமக்குக் கிடைத்த பெட்டியைக் கொண்டு செழிப்பான நகரமொன்றை எழுப்பினர். வயல் விளைந்தது, தேர்ந்த வைத்தியம் வளர்ந்தது. ஆனால், சுற்றிலும் மதிலும் எழுந்தது. வெளியார் குடியுரிமை பெறக் கடும் பரீட்சையொன்றில் தேறவேண்டும். அதில் தேற அறிவு மட்டும் போதாது, அதிர்ஷ்டமும் வேண்டும். மதிலுக்குள் உடலுழைப்பைச் சுமந்தவர் ‘ஊழியர்’ எனப்பட்டனர். உண்மையில் அவர்கள் அடிமைகளே. பெட்டியிலிருந்த அத்தனை தட்டுக்களும் இதைத் தடுக்கவில்லை.

2008இல் வேறொரு நிறுவனம் மூன்றாம் பாகத்தை வெளியிட்டபோது, பெட்டி பொருள்களைக் கரைத்துப் புதிதாக்கும் மாயக் கருவியாயிற்று. வாஷிங்டன் நகர மக்களுக்கு நன்னீர் வழங்க அது தேவைப்படுகிறது. காட்சிக்கு இது விந்தையே. எனினும், நமக்குப் பிடித்தது விதையும் உரமும் நிறைந்த பழைய பெட்டிதான். அதைத் திறந்தபின் மனிதன் வியர்வை சிந்த வேண்டியிருந்தது.

இனி அரோயோவுக்கு வருவோம். 2241இல் அங்கே மழை பொய்த்தது, பயிர் கருகியது, கால்நடைகள் மடிந்தன. பெட்டியைத் தேடிப் புறப்பட்ட இளவல் வேறு யாருமல்லன், நாடுகடத்தப்பட்ட அவ்வீரனின் பேரன். பல ஊர் அலைந்து அவன் பெட்டியைக் கண்டெடுத்ததோ, பாட்டனைத் துரத்திய அதே 13ஆம் நிலவறையில்! கதை முடியும்போது அரோயோ மக்களும் அந்நிலவறையின் மக்களும் ஓரிடத்தில் கூடி, அப்பெட்டியின் துணையுடன் புதிய ஊரொன்றை அமைக்கின்றனர்.