அலிகர் பெண்கள் விடுதி: நம் பிள்ளைகள் தெரிந்துகொள்ள வேண்டிய வரலாறு



கடந்த மார்ச் மாதம் என் இளைய மகள் படிக்கும் பல்கலைக்கழகத்தில் மகளிர் தின விழா நடந்தது. பெற்றோரையும் அழைத்திருந்தார்கள். கோலப் போட்டி, மெஹந்திப் போட்டி, பேச்சுப் போட்டி எல்லாம் இருந்தன. வந்த தாய்மார்கள் அனைவருக்கும் ஆளுக்கொரு ரோஜாப்பூ கொடுத்தார்கள். நூலகத்தின் வாசலில் நீளமான பலகை வைத்து, அதில் சாதனைப் பெண்களின் படங்களை ஒட்டியிருந்தார்கள். அவற்றில் ஒன்றில் மட்டும் புர்கா அணிந்த ஒரு பெண்மணி இருந்தார். கீழே 'போபால் பேகம்' என்ற இரண்டு வார்த்தைகளைத் தவிர வேறு விவரம் இல்லை.

"யாரு அத்தா இவங்க? நம்ம ஆளா?" என்று மகள் கேட்டாள். தெரிந்ததைச் சொன்னேன். பக்கத்தில் நின்ற பிள்ளைகளும் வந்து சேர்ந்துகொண்டார்கள். மதச் சார்பில்லாமல் எல்லாப் பிள்ளைகளும் கால்மணி நேரம் அசையாமல் நின்று கேட்டார்கள். கடைசியில் ஒரு பிள்ளை, "இதையெல்லாம் ஏன் அங்கிள் எழுதிப் போடல?" என்றது. அந்தக் கேள்விக்குப் பதிலாகத்தான் இந்தக் கட்டுரையை எழுதுகிறேன்.

மகளிர் தினம் வந்தால் நம் வாட்ஸ்அப் குழுக்களில் மொராக்கோ நாட்டின் ஃபாத்திமா அல் ஃபிஹ்ரி அவர்களின் பெயர் தவறாமல் வரும். ஹிஜ்ரி மூன்றாம் நூற்றாண்டில், அதாவது கி.பி. 859இல், ஃபெஸ் நகரில் கரவிய்யீன் பள்ளிவாசலை அவர் தம் சொத்தைக் கொண்டு எழுப்பினார் என்று பழைய வரலாற்று நூல் கூறுகிறது. அந்தப் பள்ளிவாசலே பின்னாளில் பெரும் கல்விக்கூடமாக வளர்ந்தது. அது நமக்குப் பெருமைதான். ஆனால் நம் நாட்டிலேயே, நம் பாட்டிமார் காலத்திலேயே நடந்த ஒன்று நமக்குத் தெரியாமல் இருக்கிறது. அதைத்தான் இங்கே சொல்ல வந்தேன்.

ஒரு கணவனும் மனைவியும்

டெல்லியிலிருந்து தென்கிழக்கே சுமார் 130 கிலோமீட்டரில் இருக்கும் ஊர் அலிகர். சர் சையத் அகமது கான் 1875இல் அங்கே தொடங்கிய கல்விக்கூடம்தான் 1920இல் அலிகர் முஸ்லிம் பல்கலைக்கழகமாக ஆனது. ஆனால் தொடக்கத்தில் அங்கே பெண்களுக்கு இடம் இல்லை. முதலில் ஆண்கள் படிக்கட்டும், அதன்பிறகு பெண்களின் கல்வி தானே வரும் என்பது சர் சையத் அவர்களின் எண்ணமாக இருந்தது.

அந்த எண்ணத்துக்கு மாறாக நடந்தவர் அதே கல்லூரியில் படித்த வழக்கறிஞர் ஷேக் அப்துல்லாஹ். காஷ்மீரின் பிரபல அரசியல் தலைவர் வேறு, இவர் வேறு. பூஞ்ச் பகுதியில் இந்துக் குடும்பத்தில் பிறந்து, இளம் வயதில் இஸ்லாத்தைத் தழுவியவர். 1902இல் டெல்லியைச் சேர்ந்த வஹீத் ஜஹான் பேகத்தை மணந்தார். வஹீத் ஜஹான் பள்ளிக்கூடம் போனவர் அல்லர். தகப்பனார் ஏற்பாட்டில் வீட்டிலேயே படித்தவர். வீட்டில் கற்பிக்க ஆள் இல்லாத பெண்பிள்ளைகளின் நிலை என்ன என்ற கேள்வி அவருக்கு எப்போதும் இருந்தது.

1904இல் இருவரும் சேர்ந்து 'காத்தூன்' என்ற உருது மாத இதழைத் தொடங்கினார்கள். பெண்கல்வி ஏன் வேண்டும் என்பதை அதில் மாதாமாதம் எடுத்துச் சொன்னார்கள். 1906 அக்டோபரில் அலிகர் நகருக்குள் ஒரு வாடகை வீட்டில், விரல்விட்டு எண்ணக்கூடிய பிள்ளைகளோடு பெண்கள் பள்ளியைத் தொடங்கினார்கள்.

பயத்துக்குப் பதில் ஏற்பாடு

எதிர்ப்பு இல்லாமல் இல்லை. இளைஞர்கள் நூற்றுக்கணக்கில் தங்கிப் படிக்கும் ஊரில் பெண்பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடமா என்று படித்தவர்களே கேட்டார்கள். கோஷா கடுமையாக இருந்த காலம். பெண்பிள்ளை தெருவில் நடந்து பள்ளிக்குப் போவதை நினைத்துப் பார்க்கவும் முடியாது.

இந்தத் தம்பதியர் அப்படிக் கேட்டவர்களை 'பிற்போக்குவாதிகள்' என்று திட்டிவிட்டு நகரவில்லை. ஒவ்வொரு பயத்துக்கும் ஓர் ஏற்பாடு செய்தார்கள். தெருவில் எப்படி வருவது என்ற கேள்விக்கு மூடுபல்லக்கு ஏற்பாடானது. வீட்டு வாசலில் ஏறும் பிள்ளை பள்ளிக்குள்தான் இறங்கும். ஆண்கள் முன்னால் உட்கார்ந்து படிப்பதா என்ற கேள்விக்குப் பெண் ஆசிரியை தேடிக் கொண்டுவரப்பட்டார். படித்த பெண்களே அரிதாக இருந்த அந்நாளில் இது எவ்வளவு சிரமமான காரியம் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

பள்ளி வளர்ந்து, வெளியூர்ப் பிள்ளைகளும் வர வேண்டும் என்றபோது விடுதி தேவைப்பட்டது. 1914இல் விடுதி திறக்கப்பட்டது. சுற்றிலும் உயரமான மதில் எழுப்பினார்கள். அப்படியும் எந்தத் தகப்பன் தன் பிள்ளையைத் தனியே விடுவார்? எனவே தங்கள் சொந்தக் குடும்பத்துப் பெண்பிள்ளைகளை முதலில் அதில் சேர்த்தார்கள். வஹீத் ஜஹான் பேகமே விடுதிக்குள் வந்து பிள்ளைகளோடு தங்கினார். சாப்பாடு, தொழுகை, உடம்புக்கு முடியாமல் போனால் கவனிப்பு என எல்லாம் அவர் பார்வையில் நடந்தன. பிள்ளைகள் அவரை 'ஆலா பீ' என்று அழைத்தார்கள். மூத்த அக்காவை அழைப்பது போல. ஷேக் அப்துல்லாஹ் எல்லோருக்கும் 'பாப்பா மியான்' ஆனார்.

சட்டம் போட்டோ, மேடையில் முழங்கியோ இந்த நம்பிக்கையை உண்டாக்கியிருக்க முடியாது. ஒரு தாய் அங்கே இருக்கிறார் என்ற உறுதிதான் மற்ற தாய்மார்களின் மனத்தை இளக்கியது.

போபால் பேகம்

அந்தப் பலகையில் இருந்த பெண்மணி நவாப் சுல்தான் ஜஹான் பேகம் (1858-1930). போபால் சமஸ்தானத்தை 1819 முதல் 1926 வரையிலான காலத்தின் பெரும்பகுதியில் நான்கு பெண்கள் ஆண்டார்கள். அவர்களில் கடைசியாக ஆண்டவர் இவர். ஆட்சிக்கு வந்தது 1901இல். ஹஜ் செய்து அந்தப் பயணத்தைப் பற்றி நூல் எழுதியவர். ஆங்கிலேய அதிகாரிகளும் சமஸ்தான மன்னர்களும் கூடிய சபைகளிலும் புர்காவோடு சென்று அமர்ந்தவர். அலிகர் பெண்கள் பள்ளிக்கு ஆரம்பத்திலேயே பண உதவி செய்தார். 1914இல் விடுதித் திறப்புக்கு நேரில் வந்தார். அப்போது முஸ்லிம் பெண்களின் மாநாடும் அங்கே கூடியது.

1920இல் அலிகர் பல்கலைக்கழகமானபோது அதன் முதல் வேந்தர் பொறுப்பு இவருக்கு அளிக்கப்பட்டது. 1930இல் காலமாகும் வரை அப்பொறுப்பில் இருந்தார். நம் நாட்டில் பல்கலைக்கழகங்களில் பெண்கள் படிப்பதே அபூர்வமாக இருந்த அந்தக் காலத்தில், ஒரு பெண்மணி, அதுவும் புர்கா அணிந்த பெண்மணி, ஒரு பல்கலைக்கழகத்தின் தலைமையில் இருந்தார். 'புர்கா போட்ட பிள்ளைக்குப் படிப்பு எதற்கு' என்று கேட்பவர்களுக்கும், 'படிக்க வேண்டுமானால் புர்காவை விட்டுவிடு' என்று சொல்பவர்களுக்கும் இந்த ஒரு வரலாறு போதும்.

வளாகத்தில் அவர்களின் பெயர்கள்

அந்தச் சிறிய பள்ளி படிப்படியாக வளர்ந்தது. 1937இல் பட்டப்படிப்பு வந்தது. இன்று அது பல்கலைக்கழகத்தின் பெண்கள் கல்லூரி. ஷேக் அப்துல்லாஹ் தம்பதியரின் மகள் ரஷீத் ஜஹான் அங்கே பள்ளிப் படிப்பை முடித்து, பின்னர் டெல்லியில் மருத்துவம் படித்து, மருத்துவராகவும் உருது எழுத்தாளராகவும் விளங்கினார். இன்னொரு மகள் மும்தாஜ் ஜஹான் ஹைதர் அதே கல்லூரியின் முதல்வராக நீண்ட காலம் பணியாற்றினார். ஆலா பீ 1939இல் மறைந்தார். ஷேக் அப்துல்லாஹ் அவர்களுக்கு 1964இல் பத்மபூஷண் விருது கிடைத்தது. மறு ஆண்டு காலமானார்.

அலிகரில் பெண்களின் வரலாற்றை நினைவுகூர்வது ஒருநாள் விழாவோடு முடிவதில்லை. மாணவியர் விடுதிகளுக்கே அப்பெயர்களைச் சூட்டியிருக்கிறார்கள். அப்துல்லாஹ் ஹால், பேகம் சுல்தான் ஜஹான் ஹால், பேகம் அஜீஸுன்னிஸா ஹால் என்று இருக்கின்றன. அஜீஸுன்னிஸா என்பவர் சர் சையத் அவர்களின் தாயார். சிறுவனாக இருந்தபோது வீட்டு முதிய வேலைக்காரரை சர் சையத் அறைந்துவிட, மன்னிப்புக் கேட்கும் வரை வீட்டுக்குள் வரக்கூடாது என்று வெளியே அனுப்பிவிட்டவர் அந்தத் தாய். தினமும் அந்தப் பெயரைச் சொல்லித்தான் ஒரு மாணவி தன் முகவரியை எழுதுகிறாள். நல்ல வழிதானே?

ஆனால் பெயர் சூட்டினால் மட்டும் எல்லாம் முடிந்துவிடாது. 2014 நவம்பரில் அங்கேயே ஒரு பிரச்சினை எழுந்தது. பெண்கள் கல்லூரியின் இளங்கலை மாணவியர், பல்கலைக்கழகத்தின் பெரிய நூலகமான மவுலானா ஆசாத் நூலகத்தில் எங்களுக்கும் உறுப்பினர் அட்டை வேண்டும் என்றார்கள். இடம் போதாது என்றது நிர்வாகம். விஷயம் அலகாபாத் உயர் நீதிமன்றம் வரை போயிற்று. மாணவியருக்கும் நூலகத்தைத் திறந்துவிட வேண்டும் என்று நீதிமன்றம் கூறியது. நூறாண்டு வரலாறு உள்ள இடத்திலும் வாசலைத் திரும்பத் திரும்பத் தட்ட வேண்டியிருக்கிறது என்பதே இதில் உள்ள பாடம்.

2024 ஏப்ரலில் அதே பெண்கள் கல்லூரியின் முதல்வராக இருந்த பேராசிரியை நைமா காத்தூன், பல்கலைக்கழகத்தின் முதல் பெண் துணைவேந்தராக நியமிக்கப்பட்டார். அல்ஹம்துலில்லாஹ். முதல் வேந்தர் ஒரு பெண்ணாக இருந்தும், முதல் பெண் துணைவேந்தர் வர 100 ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று.

நம் ஊருக்கு வருவோம்

சென்ற ஆண்டு மே மாதம் ஒரு சகோதரர் தம் மகளோடு நம் அறக்கட்டளை அலுவலகத்துக்கு வந்தார். பிள்ளை பன்னிரண்டாம் வகுப்பில் நல்ல மதிப்பெண். வெளியூர்க் கல்லூரியில் இடமும் கிடைத்துவிட்டது. "பாய், பணம் ஒரு பக்கம் இருக்கட்டும். ஹாஸ்டல்ல விடறதுக்குத்தான் மனசு வரல. ஊர்ல நாலு பேரு நாலு விதமாப் பேசுவாங்க" என்றார். பிள்ளை தலையைக் குனிந்தபடி மார்க் ஷீட்டை மடித்து மடித்துப் பிரித்துக்கொண்டிருந்தது.

நான் மார்க்கத்தில் கல்விக்குள்ள சிறப்பைப் பற்றி நிறையச் சொன்னேன். அன்னை ஆயிஷா (ரலி) அவர்களிடம் நபித்தோழர்களே வந்து மார்க்க விளக்கம் கேட்டதைச் சொன்னேன். எல்லாவற்றையும் மரியாதையாகக் கேட்டுக்கொண்டார். பிறகு எழுந்து போய்விட்டார். அந்தப் பிள்ளை கல்லூரியில் சேரவில்லை.

அலிகர் வரலாற்றை இந்தக் கட்டுரைக்காக மறுபடி படித்தபோதுதான் என் தவறு எனக்குப் புரிந்தது. அவர் என்னிடம் கல்வியின் சிறப்பைக் கேட்கவில்லை. ஹாஸ்டலைப் பற்றித்தான் கேட்டார். நான் கொடுத்தது பயான். அவருக்குத் தேவைப்பட்டது ஏற்பாடு. நம் வீட்டுப் பெண்மணிகள் இருவரை அவர்களோடு அனுப்பி அந்த விடுதியைப் பார்த்துவரச் செய்திருந்தால், அந்தப் பிள்ளை இன்று இரண்டாம் ஆண்டு படித்துக்கொண்டிருக்கலாம். அந்தப் பொறுப்பில் தவறியது நான்தான். அல்லாஹ் மன்னிப்பானாக.

எனவே நிர்வாகக் குழுவில் பேசி, இந்த ஆண்டு முதல் கீழ்க்கண்டவற்றைச் செய்வதாக முடிவெடுத்துள்ளோம்.

1. வெளியூரில் சேர விரும்பும் மாணவியின் விடுதியை, சேர்க்கைக்கு முன்பே நம் மகளிர் குழுவினர் இருவர் தாயாரோடு நேரில் சென்று பார்ப்பார்கள். காவல், உணவு, தொழ இடம், வார்டன், வெளியே சென்றுவரும் நேரம் எல்லாவற்றையும் கேட்டறிந்து குடும்பத்தாரிடம் சொல்வார்கள்.

2. ஒரே ஊரில் படிக்கும் நம் பிள்ளைகள் விடுமுறைக்கு வரும்போதும் போகும்போதும் சேர்ந்து பயணம் செய்ய ஏற்பாடு செய்யப்படும்.

3. ஜகாத் பெறத் தகுதியுள்ள குடும்பமாக இருந்தால் கல்விக் கட்டணம் அந்நிதியிலிருந்து வழங்கப்படும். மற்றவர்களுக்கு ஸதகா நிதியிலிருந்தோ, வட்டியில்லாக் கடனாகவோ உதவி செய்யப்படும்.

4. அரசுப் பள்ளியில் 6 முதல் 12ஆம் வகுப்பு வரை படித்து உயர்கல்வியில் சேரும் மாணவியருக்குத் தமிழக அரசின் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் கிடைக்கிறது. அரசு உதவிபெறும் பள்ளிகளில் தமிழ்வழியில் படித்தவர்களுக்கும் இது விரிவாக்கப்பட்டுள்ளது. விண்ணப்பிக்க அலுவலகத்தில் உதவி செய்யப்படும்.

வெளியூர் அனுப்ப மனமில்லாதவர்கள் அருகிலுள்ள பெண்கள் கல்லூரிகளைப் பார்க்கலாம். சென்னையில் நீதிபதி பஷீர் அகமது சயீத் அவர்கள் 1955இல் தொடங்கிய பெண்கள் கல்லூரி இதே கவலையை மனத்தில் வைத்து எழுந்ததுதான். எஸ்.ஐ.இ.டி. கல்லூரி என்றால் பெரியவர்களுக்கு உடனே தெரியும்.

கல்லூரிகளில் படிக்கும் நம் பிள்ளைகளுக்கும் ஒரு வேண்டுகோள். அடுத்த மார்ச்சில் உங்கள் வளாகத்தில் மகளிர் தினம் வரும்போது, சாதனைப் பெண்ணின் படத்தை மட்டும் ஒட்டாதீர்கள். அவர் படிக்க யார் உதவினார்கள், எந்தத் தடை இருந்தது, அதை எப்படிக் கடந்தார்கள் என்று நான்கு வரி சேர்த்து எழுதுங்கள். உங்கள் கல்லூரியில் முதன்முதலில் படித்த பெண்கள் யார் என்று பழைய பதிவேட்டில் தேடுங்கள். உங்கள் வீட்டிலேயே பாட்டி எந்த வகுப்போடு நின்றார், ஏன் நின்றார் என்று கேட்டு எழுதுங்கள். அதுவும் பெண்களின் வரலாறுதான்.

அந்தச் சகோதரரின் வீட்டுக்கு அடுத்த வாரம் மகளிர் குழுவினரோடு நானே போகவிருக்கிறேன். ஓராண்டு போனால் போகட்டும், படிப்புக்கு இன்னும் காலம் இருக்கிறது. அந்தப் பிள்ளை இந்த ஆண்டு சேர வேண்டும் என்று எல்லோரும் துஆ செய்யுங்கள். உங்கள் வீட்டிலோ, பக்கத்து வீட்டிலோ இப்படி ஒரு பிள்ளை இருந்தால், மே மாதம் வரை காத்திருக்காமல் இப்போதே அலுவலகத்துக்கு வந்து சொல்லுங்கள். அஸருக்குப் பிறகு மஃக்ரிப் வரை அலுவலகம் திறந்திருக்கும். தாய்மார்கள் வந்தால் பேசுவதற்கு மகளிர் குழுவினர் இருப்பார்கள், இன்ஷா அல்லாஹ்.

வஸ்ஸலாம்.

செயலாளர்